சிங்கத்தின் வாயை அடைத்த மாமா

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றின் மாடியில். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, தெருவை எட்டிப் பார்த்தபடி ஒரு கல் முகம் நீட்டிக்கொண்டிருக்கும். காது சிங்கத்தினுடையது, கண் மனிதனுடையது. வாய் எப்போதும் திறந்தே இருக்கும். பள்ளிவிட்டு வரும்போது தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குள் ஓடிவிடுவேன்.

அந்த வருடம் அம்மா ஏழு மாதம். கீழ்வீட்டு அக்கா ஒருநாள், "வயித்துல புள்ளய வச்சுகினு தெனமும் அது மூஞ்சியிலயா முழிக்கிற? கொயந்தைக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து அம்மா தெருப்பக்கம் வருவதையே விட்டாள். சோறும் இறங்கவில்லை.

மணலியில் வெல்டராக இருந்த மாமா அம்மாவின் தம்பி. தன் அக்கா படும் பாட்டைப் பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குப் போய் அந்த வாயில் சிமெண்டைக் குழைத்து அடைத்தார். "இனிமே அது இன்னாக்கா பண்ணும்?" என்றார். அன்று அம்மா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. பிறகு உத்திரம் முனக ஆரம்பித்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஈரத்தில் கால் வழுக்கி, படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அன்று வீட்டிலிருந்த மாமாவும், நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். "மாடி முய்க்க தண்ணி நிக்குது" என்று மாமாவின் குரல் கேட்டது. நைனா காலைப் பிடித்துக்கொள்ள, மாமா சுவருக்கு வெளியே தொங்கிக் கடப்பாரையால் அந்த வாயை இடித்தாராம். படிவாசல் வழியே நான் பார்த்தது தண்ணீரைத்தான். சுவரைத் தொடாமல் நடுத்தெருவில் போய் விழுந்தது.

நம் கோயில்களில் அபிஷேக நீர் விழும் கோமுகியைப் போல, கூரைத் தண்ணீரைச் சுவரில் படாமல் தள்ளிவிடத்தான் அந்த வாய். வெள்ளைக்காரர் ஊரில் பழங்காலத்துக் கொத்தர்கள் தங்கள் கோயில்களில் அப்படிச் செய்தார்கள். கெட்டது அண்டக்கூடாதென்றே முகத்தைப் பயங்கரமாகச் செதுக்கினார்கள் என்றும் சொல்வார்கள். இதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அது கோபத்தில் கக்குகிறது என்றுதான் நடுங்கினேன்.

அம்மா தண்ணீரைப் பார்க்கவேயில்லை. வயிற்றில் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "பேசாத இரு" என்றாள். மாமா சொட்டச் சொட்ட இறங்கிவந்து, "சரியாப் பூட்ச்சுக்கா" என்றார். வெகுநேரம் கழித்து அவள் வயிற்றின் மேலிருந்த கை, உள்ளிருந்து தட்டியதுபோல லேசாகத் துள்ளியது. உடனே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீடு இடியாமல் தப்பியதற்காக அழுகிறாள் என்று நினைத்து, நானும் கூரையை நிமிர்ந்து பார்த்தேன்.