அக்லியின் வீடும் ரொட்டி தின்ற பன்றியும்

அக்லி கட்டிய வீட்டில் குறை கண்டவன் பெஜாயா நகரத்தில் இன்னும் பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது தன் பேரை எழுத மட்டும்தான். சிமெண்டு மூட்டை சுமந்தார், கொத்துக்கரண்டி பிடிக்கக் கற்றார், ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குத் தரைக்கல் பதித்தார். கடைசியில் கொராயா மலைச்சரிவில் தனக்கென்று மூன்றடுக்கு வீடு ஒன்றைத் தானே எழுப்பினார். அடுத்தவன் அதில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பெரிய படிப்புப் படித்த இஞ்சினியர் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை இடிக்கணும்னா வெடிதான் வைக்கணும்" என்றார். அக்லி இதைப் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லட்டுமே, பொய்யா?

அந்த வீட்டுக்குப் பின்னால், காட்டுக்கும் தெருவுக்கும் நடுவில், முள்புதர் மண்டிக் கிடந்தது. பாலைவனத்துச் சூட்டுக்காற்று கிளம்புகிற நாளில் மேலே ஒரு பொறி விழுந்தால் போதும். தீ அந்தப் புதரைப் பிடித்துக்கொண்டு இறங்கி நேரே அவர் சமையலறைக்குள் வந்துவிடும். போன கோடையில் பக்கத்துச் சரிவில் அப்படித்தான் வீடுகள் போயின. அதனால் வெயில் ஏறுமுன் தெருவே கூடிப் புதரை வெட்டிவிடுவது வழக்கம். இந்த வருஷம் முடியவில்லை. புதருக்குள் ஒரு காட்டுப்பன்றி குட்டி போட்டிருந்தது.

அதைக் கூப்பிட்டுக் குடிவைத்தவர்கள் தெருக்காரர்கள்தான். ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம் என்பது எங்கள் ஜனத்தின் எண்ணம். மீந்ததைப் பையில் கட்டி வாசல் ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஆடு வளர்க்கிறவன் யாராவது எடுத்துப் போவான். அப்படி எடுத்துப் போய்க்கொண்டிருந்த கிழவர் இப்போது படுத்த படுக்கையாகிவிட்டார். ஆனால் பை மாட்டுவது நிற்கவில்லை. காலையில் மலையிலிருந்து குரங்குகள் இறங்கிப் பையைக் கிழிக்கும். கீழே சிந்துவதைப் பன்றி பொழுது சாய வந்து பொறுக்கும். உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு கிடைத்தால் எந்தப் பன்றி ஊரைவிட்டுப் போகும்?

அக்லி எதிர்வீட்டு கெனிமாவிடம் போய் நின்றார். கெனிமா விதவை, அவரைவிட மூத்தவர், தெருவில் பெரிய பை அவர் வீட்டில்தான் தொங்கும்.

"அக்கா, அந்தப் பையை உள்ள வச்சுக்கக் கூடாதா?"

"உள்ள வச்சா பூஞ்சை பிடிக்கும் தம்பி."

"அப்ப குப்பையில போடு."

"பிள்ளைங்க மூத்திரத் துணியோட ஆண்டவன் குடுத்த ரொட்டியைப் போடச் சொல்றியா? உனக்கு நெஞ்சில சிமெண்டா பூசியிருக்கு?"

"பன்றி வருதுக்கா!"

"வரட்டும். அதையும் அவன்தான் படைச்சான்."

அக்லி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டுவேலைக்கு ஆள் சேர்த்தார். மதியம் எல்லாருக்கும் தன் வீட்டில் கோதுமைரவையில் ஆட்டுக்கறிக் குஸ்குஸ் என்று அறிவித்ததால் வராதவனும் வந்தான். அக்லி ஆட்களைப் புதரைச் சுற்றி வட்டமாக நிறுத்தினார். எல்லாப் பக்கமும் ஒரேயடியாக வெட்டினால் சீக்கிரம் முடியும் என்பது அவர் கணக்கு. உள்ளே இருப்பது எந்த வழியாக வெளியே போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. முதல் அரிவாள் விழுந்ததும் தாய்ப்பன்றி உறுமிக்கொண்டு பஸ் ஓட்டுகிற பூசாத்தின் காலுக்கிடையில் பாய்ந்தது. பூசாத் அத்திமரத்தில் ஏறினான். மற்றவர்கள் வீடுகளுக்குள் புகுந்தார்கள். பன்றி ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி குட்டிகளிடமே போய்ப் படுத்துக்கொண்டது.

"இறங்குடா, அது போயாச்சு!"

"நீங்க வந்து என்னை இறக்குங்கண்ணே. பதினெட்டு சக்கர லாரியை எதிர்த்து வந்தவன் நான். இது பிரேக் இல்லாம வருது!"

குஸ்குஸை மட்டும் ஒருவரும் விடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் அப்புறம் புதர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்லி சும்மா இருப்பவரா? தெருமுனையில் ரொட்டி போட சிமெண்டுத் தொட்டி கட்டி, இரும்புக் கதவு வைத்தார். அப்படி ஒரு தொட்டி அரண்மனையிலும் இருக்காது. மறுநாளே ஒரு குரங்கு கொண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்து, உள்ளேயே உட்கார்ந்து தின்றது.

"கதவு நல்லா திறக்குதுண்ணே, சத்தமே இல்ல" என்றான் பூசாத்.

அன்று இரவு அக்லி சாப்பிடவில்லை. அவர் மனைவி ஜௌஹர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ரொட்டியை வெளிய வைக்காதேன்னா இவங்க கேக்க மாட்டாங்க. வாங்கிட்டுப் போக ஒரு ஆள் வந்தா குடுத்துடுவாங்க. நீங்களே போய் வாங்கினா என்ன?"

"நானா? சாக்கைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா? பட்டினி கிடந்த காலத்துலகூட நான் ஒருத்தன் வாசல்ல கை நீட்டினதில்லை!"

"சரி. வீடு எரியட்டும்."

மறுநாள் சாயங்காலம் அக்லி சாக்கோடு இறங்கினார். முகம் வெந்த செங்கல்லாக இருந்தது. பிள்ளைகள் பின்னால் வந்து சிரித்தன. கெனிமா பையை நீட்டி, "ஆட்டுக்குத்தானே? சத்தியம்?" என்றார்.

"சத்தியம்க்கா, சத்தியம்! கொண்டா!"

தினமும் அடிவாரத்து ஆட்டுப்பட்டிக்குச் சுமந்தார், திட்டிக்கொண்டே சுமந்தார். ஆணிகள் காலியாயின. குரங்குகள் சில நாள் வந்து கத்திவிட்டு மலையேறின. ஒருநாள் புதரோரம் புது எச்சம் இல்லை, சேற்றில் புதுக் குளம்படி இல்லை. பன்றி குட்டிகளை ஓட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. இருந்தாலும் இந்தமுறை அக்லி ஆட்களைக் கீழ்ப்பக்கம் மட்டும் வரிசையாக நிறுத்தி, மேலே காட்டுக்கு வழி விட்டு, சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே வெட்டச் சொன்னார். வெட்டிய முள்ளைக் குவித்து வைக்கவிடாமல் அன்றே அப்புறப்படுத்தினார்.

ஜூலையில் சூட்டுக்காற்று வந்தது. நடுமதியம் மலை பற்றிக்கொண்டது. அக்லி பெண்களையும் பிள்ளைகளையும் பூசாத்தின் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, கூரையில் தண்ணீர்க் குழாயோடு நின்றார். புகைக்குள்ளிருந்து தாய்ப்பன்றியும் வளர்ந்த குட்டிகளும் தெருவுக்குள் ஓடி வந்தன. கீழே ஒருவன் தடியை ஓங்கினான்.

"விடுடா முட்டாளே! கதவுக்குள்ள போ! வழியை மறிக்காதே!"

அவை ஒருவரையும் பார்க்காமல் ஓடை வழியே இறங்கிப் போயின. பின்னாலேயே தீ வந்தது. வெட்டின நிலத்தின் விளிம்பில் வந்து இப்படியும் அப்படியும் அலைந்தது, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே தாழ்ந்தது. தீயணைப்புக்காரர்கள் மிச்சத்தை அணைத்தார்கள். அக்லியின் வீட்டில் ஜன்னல் சட்டம் மட்டும் கருகியது. அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இரவிலேயே பெண்களும் பிள்ளைகளும் பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் அக்லி கதவைத் திறந்தார். தெரு முழுக்க, ஆணிக்கு ஆணி, பை தொங்கியது. அத்தனையும் அன்று சுட்ட ரொட்டி. தீயிலிருந்து தப்பியதற்கு, காடு இழந்த பிராணிகளுக்குத் தர்மம்.

"ஆண்டவனே! இவங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது? அக்கா! வெளிய வா!"

"கத்தாதே தம்பி. என் ரொட்டியோட பரக்கத்துதான், அந்தப் புண்ணியம்தான் உன் வீட்டைக் காப்பாத்துச்சு."

"உன் ரொட்டியா? என் அரிவாள்க்கா! என் அரிவாள்!" அவர் திரும்பினார். தன் வாசல் ஆணியிலும் ஒரு பை. "அடியே ஜௌஹர், நீயுமா?"

"சூடா இருக்கு. ஆட்டுக்குப் போட்டுடாதீங்க" என்றாள் ஜௌஹர் உள்ளேயிருந்து.

அக்லி ஒரு நிமிஷம் மலையைப் பார்த்தார். கருகின சரிவில் தீயணைப்புக்காரர்கள் இன்னும் புகையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள், ராத்திரியெல்லாம் தூங்காதவர்கள். அவர் சாக்கை உதறி எடுத்துக்கொண்டு முதல் ஆணியிலிருந்து தொடங்கினார்.

"குரங்குக்கு ஒரு துண்டு போச்சுன்னா பார்த்துக்கங்க! மேல மனுஷன் பசியோட நிக்கிறான். தொட்டுக்க யார்கிட்ட ஆலிவ் எண்ணெய் இருக்கு? பூசாத், பஸ்ஸை எடு! இந்தத் தெருவுல எல்லாத்தையும் நானே சொல்லணும்!"