மூன்றில் போகும் மெட்டு

மீர்சாகிப்பேட்டையில் ஆட்டோக்களுக்கு சீட் தைக்கும் ஹஸனுக்கு, ஒரு பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கும் வேலையும் இருந்தது. கல்யாணமோ சாவோ, தெருவில் நடப்பவர்களின் கால் அவர் கையில்தான். நான்கு நான்காக எண்ணுவார். முதல் தட்டை ஓங்கி அடிப்பார். எல்லோருடைய இடது காலும் ஒன்றாக இறங்கும்.

செட்டில் டிரம்பெட் வாசித்த ஸ்தனிஸ்லாஸ், தன் மனைவிக்காக ஒரு மெட்டுக் கட்டியிருந்தார். அது மூன்று தட்டுக் கணக்கில் போகும். தெருவில் அதை எடுக்கும்போதெல்லாம் ஹஸன் மூன்றாம் தட்டுக்குப் பிறகு இன்னொன்றைச் சேர்த்துவிடுவார். ஸ்தனிஸ்லாஸ் கடைசி சுரத்தை அதுவரை இழுத்துப் பிடித்தாக வேண்டும்.

"யோவ் பாய், எம்பாட்டுல ஏன்யா ஒட்டுப் போடுற? இது இன்னா ஆட்டோ சீட்டா?"

"மூணுல அடிச்சா, ஓங்குற அடி ஒருவாட்டி இடது கால்ல வுழும், மறுவாட்டி வலது கால்ல வுழும். மாப்பிள்ள தடுக்கி வுழுந்தா நீயா தூக்குவ?"

"வுழட்டுமே. கட்டிக்கப் போறான்ல, பழகிக்கட்டும்."

பேச்சு சிரிப்பில் முடிந்துவிடும். மெட்டு மட்டும் ஒரு தடவைகூட அது பிறந்தபடி தெருவில் போனதில்லை.

போன மாதம் ஸ்தனிஸ்லாஸ் இறந்தார். சாந்தோமில், அவர் வீட்டு வாசலில் பெட்டியை மூடியபின் அவர் மனைவி விக்டோரியா ஹஸனிடம் வந்தாள்.

"அவரு பாட்டையே வாசிங்க பாய். நீங்க சேக்குறது வேணாம். இன்னிக்கு மட்டும்."

கிளாரினெட் வாசிக்கும் ஜவஹர் ஹஸனின் காதருகே குனிந்தான். "தூக்குறவனுங்களுக்குக் காலு பின்னிக்கும் பாய். பொட்டியக் கீழ போட்டானுங்கன்னா?"

ஹஸன் டிரம்மை மாட்டிக்கொண்டார்.

ஜவஹர் மெட்டை எடுத்தான். ஹஸன் மூன்று தட்டும் அடித்தார். தெருமுனை வருவதற்குள் தூக்கியவர்களின் கால் மாறிப்போனது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "பாத்து, பாத்து" என்று யாரோ கத்தினார்கள். விக்டோரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹஸனின் கை பழக்கத்தில் நான்காவது தட்டுக்கு எழுந்தது. அதை அடித்தால் பெட்டி நேராகிவிடும். அவர் அடிக்கவில்லை. மறுகையை டிரம்மின் தோல்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

அடுத்த சுற்றில் முதல் தட்டை மட்டும் அடித்தார். இரண்டையும் மூன்றையும் கிளாரினெட்டுக்கு விட்டுவிட்டார். மறுபடி முதல் தட்டு.

"டிரம்முக்கு ஒரு காலு," என்றார் தூக்கியவர்களைத் திரும்பிப் பார்த்து. "நடுவுல அவசரப்படாத நைனா."

இடது கால். இடைவெளி. வலது கால். பெட்டி நிமிர்ந்தது.

பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துவிட்டு ஓய்ந்தது. "இப்பிடிப் போனா கல்லறைக்குப் போக இருட்டிடும் பாய்," என்றான் ஜவஹர், மூச்சு வாங்கும் இடத்தில்.

"ஊது."

அடிக்காத தட்டுகளில் ஹஸன் கோலை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தார். மெட்டு அங்கேதான் திரும்பியது. இத்தனை வருஷம் அந்த இடத்தில் அவருக்குக் கேட்டது அவருடைய டிரம்தான்.

விக்டோரியா பெட்டிக்குப் பின்னால், அதே தட்டுக்குக் கால் வைத்து நடந்து வந்தாள்.