சித்தி தண்ணீர் ஊற்றாத கன்றுகள்

என் சித்தி ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிக்கொண்டுதான் தண்ணீர் விடுவாள். அப்படி விட்டால் மண்ணைக் கிளறாமல் வேரடியில் இறங்குமாம். ஒரு கன்றுக்கு இது போதும் என்று தோன்றியதும் பைப்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்வாள். நெய்வேலிக்கு வெளியே, நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிய மேல்மண்ணைப் பல காலமாகக் கொட்டிக் குன்றாகிப்போன மேடு அது. லாரியில் ஏறிவந்தால்தான் அங்கே தண்ணீர். இரண்டு கோடைகளாக அந்த மேட்டில் புங்கனையும் வேம்பையும் காப்பாற்றிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்களில் சித்தியும் ஒருத்தி.

அம்மாவும் சித்தியும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்ந்தவர்கள். அம்மாவுக்கு மைன்ஸில் பெர்மனன்ட் வேலையிலிருந்த மாப்பிள்ளை அமைந்ததால் நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து, சட்டம் படித்து, சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் என்று பெரிய பேச்சுப் பேசுகிறவளானேன். சித்திக்கு வாய்த்தவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கான்ட்ராக்ட் வேலைகள்தான். மகள் நர்சிங் இரண்டாம் வருடம். வேலைக்கு உள்ளே விட, சித்தியின் கழுத்தில் தொங்கிய கேட் பாஸை நம்பித்தான் அந்தக் குடும்பமே இருந்தது. என்னைப் பார்த்தால் போதும், "வாடி, ஒலகத்துக்கே சட்டம் போடறவளே" என்று வம்புக்கு இழுப்பாள். எனக்கு அது பிடிக்கும்.

அந்த மரங்களின் பின்னால் இருந்ததும் ஒரு சர்வதேச ஏற்பாடுதான். எங்கோ ஒரு நாட்டில் ஒரு நிறுவனம் புகை விடும். அதற்கு ஈடாக இங்கே மரம் வளர்க்கச் சொல்லி, வளர்ந்த மரங்களைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வரும். நோய்த்தொற்றுக் காலத்தில் யாரும் வரவில்லை, போட்டோவிலேயே முடித்துக்கொண்டார்கள். அதன்பின் முதல்முறையாக ஒரு வெள்ளைக்கார அம்மாள் நேரில் வந்தார். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நிற்க ஆள் வேண்டுமென்று மரம் நடும் கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டார். சோதிக்கப்படுகிறவரே மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதில் உள்ள கோளாறு, சட்டம் படித்த எனக்கு உறைக்கவில்லை. ஊருக்குப் போன மாதிரியும் ஆயிற்று என்று வந்துவிட்டேன்.

காலை பத்து மணி. நாங்கள் உறவு என்று காட்டிக்கொள்ள வேண்டாமென்று சித்தியே முதல் நாள் சொல்லியிருந்ததால், என்னை யாரோ போலப் பார்த்துவிட்டுப் பைப்பை இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் விடுவதை அந்த அம்மாள் பார்க்கட்டும் என்பது கான்ட்ராக்டரின் ஏற்பாடு. முதல் இரண்டு வரிசைகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது வரிசையில் சித்தி ஒரு கன்றுக்கு ஊற்றினாள், பைப்பை மடக்கினாள், இரண்டைத் தாண்டி நாலாவதற்குப் போய் ஊற்றினாள். மறுபடி மூன்றைத் தாண்டினாள். அவள் வேண்டுமென்று செய்ததாக அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. செத்ததன்மேல் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று இரண்டு வருடம் பழகிய கை அது. வந்தவர்முன் நடிக்க வேண்டும் என்பதை அந்தக் கை மறந்துவிட்டது.

அந்த அம்மாள் அதைக் கவனித்துவிட்டார். ஏன் சிலவற்றை விட்டுவிடுகிறார் என்று கேட்டார். நான் சித்தியிடம் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அதுங்க செத்ததுங்க மேடம். நேத்துதான் அந்த எடத்துல வேப்பங்கெளைய வெட்டியாந்து குத்தச் சொன்னாங்க, குத்தினோம். அதுக்கு எதுக்குத் தண்ணி?" என்றாள்.

கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். நான் சித்தியின் கழுத்தில் இருந்த கேட் பாஸைப் பார்த்தேன். பிறகு தெளிவான ஆங்கிலத்தில், "அவற்றுக்குக் காலையிலேயே ஊற்றிவிட்டாராம்" என்றேன். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தார். பிழைத்தோம் என்று நான் மூச்சுவிட்டேன். சித்தி பைப்பைக் கீழே போட்டாள். குனிந்து இரண்டே விரலால் ஒன்றைப் பிடுங்கினாள். அது எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. நாலு எட்டு வைத்து அந்த அம்மாளின் முன்னால் போய் அதை அவர் கையில் கொடுத்தாள். அரிவாள் வெட்டிய அடிமுனை பச்சையாக இருந்தது, வேர் இல்லை. அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

சாயங்காலமே கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் கோடை முழுக்கச் சித்திக்கு வேலை இல்லை. வடலூரில் ஒரு மண்டபத்தில் பாத்திரம் கழுவினாள். சித்தி மகளின் படிப்பு நின்றுவிடுமோ என்று அம்மா அழுதாள்; நிற்கவில்லை, அவள் இழுத்துப்பிடித்து முடித்துவிட்டாள். அந்த நிறுவனம் தன் கணக்கிலிருந்து செத்த மரங்களை அடித்து நீக்கியது, கான்ட்ராக்டர் மாறினார். புதிதாக வந்தவருக்கு எது உயிரோடு இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. சித்தியைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். இன்று மேட்டின் கிழக்குச் சரிவில் அவள் வளர்த்த புங்கன்களுக்குக் கீழே உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். நான் சாப்பிட்டிருக்கிறேன்.

நான் இப்போது அந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு விதி எழுதும் குழு ஒன்றில் இருக்கிறேன். பல நாட்டுக்காரர்கள் கணினித் திரையில் கூடி ஒரு சொல்லுக்கு மூன்று நாள் சண்டை போடுவோம். போர் வந்து எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்ததும், மூடிய நிலக்கரி உலைகளைத் திறந்தவர்கள் உண்டு. நெய்வேலிக்காரிக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கரண்ட் போனால்தான் எல்லோருக்கும் எங்கள் ஊர் ஞாபகம் வரும். உலகமே எரியும்போது மரக்கன்றுக்கு விதி எழுதி என்ன ஆகப்போகிறது என்று ஒருவர் கேட்டார். எரிகிறபோதுதான் பொய்க் கணக்கு சுலபமாக உள்ளே வரும், அதனால் இப்போதுதான் எழுத வேண்டும் என்றேன். நட்டதை எண்ணக் கூடாது, இரண்டு கோடை தாண்டி நிற்பதை எண்ண வேண்டும். வளர்க்கிறவர்களைத் தனியே, அவர்கள் மொழியில் கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக அவர்கள் வேலை போகக் கூடாது. மொழிபெயர்ப்பவரைக் கான்ட்ராக்டர் அமர்த்தக் கூடாது. நாலும் வரைவில் ஏறிவிட்டன. நாடுகள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவார்கள், போடும்வரை விடமாட்டேன்.

கடைசி விதியை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. கேட் பாஸ் போன அன்று வடலூர் பஸ் நிலையத்தில் சித்தியோடு நின்றிருந்தேன். எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம். "நான்தான் சமாளிச்சிட்டேனே சித்தி. நீ ஏன் அதப் புடுங்கிக் குடுத்த?" என்றேன்.

சித்தி கோபப்படவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீ இங்கிலீசுல என்னா சொன்னியோ எனக்குத் தெரியாது பாப்பா. நீ சொன்னதும் அந்தம்மா தலைய ஆட்டிக்கினே அடுத்த வரிசைக்குப் போயிடிச்சி. நான் சொன்னத நீ சொல்லியிருந்தா அந்தம்மா அங்கியே நின்னிருக்கும்."