கதிரை என்றால் நகராதே

சிட்னியில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறார்கள் என்றால் சிட்னிக்காரரே நம்பமாட்டார்கள். அதில் ஒரு யாழ்ப்பாணத்தான் கோச்சாக இருந்தான் என்பதை என் மனைவியே முதலில் நம்பவில்லை. "உங்களுக்கென்ன விசரே? நாப்பது வயசில தலையில சட்டியக் கவிழ்த்துக்கொண்டு ஓடப்போறியளோ?" என்று கேட்டாள். நான் சட்டி கவிழ்க்கவில்லை. கழுத்தில் ஒரு விசில் மட்டும் தொங்கியது.

2009இல் எனக்குச் செவன் ஹில்ஸில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பகல் வேலை. மாலையில் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் படிப்பு. வகுப்புக்குப் போகிற வழியில் மைதானம். ஒருநாள் அங்கே நின்ற ஒருவன் என் உடம்பைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் இந்த மெத்தையைப் பிடிக்க முடியுமா, பெடியள் வந்து முட்டிப் பழக வேண்டும் என்று கேட்டான். அவன்தான் ஹெட் கோச். அமெரிக்கன். இங்கே பெண் கட்டி இருந்தவன். நான் அப்போது நூற்றுப் பத்துக் கிலோ. ஐந்து தடியன்கள் மாறி மாறி வந்து முட்டினார்கள், நான் அசையவில்லை. அன்று வகுப்புக்குப் பிந்தினேன். அடுத்த கிழமை வகுப்புக்கே போகவில்லை. அந்தப் படிப்பு கடைசிவரை முடியவில்லை என்பதை மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த விளையாட்டில் பந்தை எறிகிறவன் ஒருவன்தான் ராசா. அவனுக்கு முன்னால் அந்த ஐந்து தடியன்களும் வரிசையாக நிற்பார்கள். நடுவில் நிற்பவன் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னுக்குக் கொடுப்பான், அவர்களுக்கும் பந்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். எதிரணி பாய்ந்து வரும். எறிபவன் மேல் கை படாமல் மூன்று நொடி மறித்து நிற்க வேண்டும். மறித்தால் ஒரு சனமும் கை தட்டாது. ஒருமுறை கோட்டைவிட்டால் மைதானமே திட்டும். இந்த ஐவருக்கென்று தனியாக ஒரு கோச் உண்டு. அவன் பெயரும் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அந்த வேலை பிடித்ததற்குக் காரணம் இருந்தது. மேய்ஸ் ஹில் கோயிலில் சுவாமி வெளியே வரும்போது கயிறு பிடித்துச் சனத்தை விலக்குகிறவன் நான். கயிறு பிடிக்கிறவன் சனத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பான். சுவாமி எங்கே வருகிறார் என்று திரும்பிப் பார்க்கமாட்டான், முதுகு சொல்லிவிடும். மெத்தை பிடித்தபடி அதைத்தான் ஐவருக்கும் சொன்னேன். திரும்பிப் பார்க்காதே, முதுகால் பார். 2010இல் அவர்களுடைய கோச் வேறு ஊருக்குப் போனபோது, "ஆள் கிடைக்கும்வரை நீ பார்த்துக்கொள்" என்று ஹெட் கோச் ஐவரையும் என்னிடம் தந்தான். ஆள் கிடைக்கும்வரை! தற்காலிகம் என்ற சொல்லை வீசாக் கடிதங்களில் வருடக்கணக்காக வாசித்தவன் நான். இந்த ஒரு இடமாவது நிரந்தரமாக வேண்டும் என்று அன்றிலிருந்து மனதுக்குள் ஒரு வெறி.

"சம்பளமில்லாத வேலை. அதுக்கும் இவருக்குக் கதிரை ஆசை," என்றாள் மனைவி. எங்கள் ஊரில் நாற்காலிக்கும் கதிரைதான், பதவிக்கும் கதிரைதான்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஐவருக்கும் அவள்தான் புட்டு அவித்தாள். ஒருவன் தொங்கா தீவுக்காரன், தொங்கன் என்போம், ஒருவன் லெபனான்காரன், மற்ற மூவரும் வெள்ளையர். எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் இடப்பக்கம் சமைக்கிற குசினி, வலப்பக்கச் சுவரோடு மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு மர வாங்கு, நடுவில் என் பிளாஸ்டிக் கதிரை. ஒருநாள் வரிசையின் நடு ஆளான தொங்கன் அதில் போய் இருக்கப் பார்த்தான். "ஐயோ, கதிரை! கதிரை!" என்று அவள் கத்துவதற்குள் நாலு காலும் நாலு திசைக்குப் போய்விட்டன. விழுந்தவன் எழும்பவில்லை, அப்படியே கிடந்து சிரித்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் ஐந்து பேரும் "கதிரை!" என்று கத்துவார்கள். கறி முடிந்தால் "குசினி, அன்ரி!" என்பார்கள். எழும்பி வாங்கில் போய் இருங்கோடா என்று அவள் துரத்தினால் அதுவும் விளங்கும்.

இனி என் மடைத்தனத்துக்கு வருகிறேன். ஆட்டத்தில் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை நடு ஆள் உரத்துச் சொல்ல வேண்டும், எதிரணிக்கு அது விளங்கக்கூடாது. எங்கள் ஆங்கிலக் குறிச்சொற்களை எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் பெரிய மூளைசாலி மாதிரித் தமிழில் வைத்தேன். இடது, வலது, நில். இந்த நாட்டில் எவனுக்கு விளங்கப்போகிறது என்று நினைத்தேன். சனிக்கிழமை தவறாமல் வென்ட்வேர்த்வில்லில் வடை வாங்குகிறவன் நான். ஸ்டேசனில் இறங்கினால் தமிழ்க் குரல் கேட்காமல் கடைக்குப் போய்ச் சேர ஏலாது. அப்படிப்பட்டவன் இதை நினைத்தேன் பாருங்கள்!

2012 தொடக்கத்தில் அரையிறுதி. அனல் வெயில். ஆட்டத்துக்கு முன் ஹெட் கோச் என்னைத் தனியே கூப்பிட்டான். அமெரிக்காவில் கல்லூரி அணிகளில் இந்த ஐவர் வரிசையை ஆயுள் முழுக்கப் பழக்கிய ஒருவர் இங்கே வர விரும்புகிறார் என்றான். "இன்றைக்கு எறிபவன் நிலத்தில் விழாமல் பார்த்துக்கொள். பிறகு உன் இடத்தைப் பற்றிப் பேசுவோம்." 

எங்கள் தொங்கன் "இடது!" என்றான். எதிரணியில் ஒரு சுருட்டை முடிக்காரன் அடுத்த நொடியே தன் ஆட்களுக்கு "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கை காட்டினான். எறிபவன் விழுந்தான். "வலது!" என்றதும் "ரைட்!" மறுபடி விழுந்தான். ஐந்தாம் தடவை விழுந்தபோது எண்ணுவதை விட்டுவிட்டேன். இடைவேளைக்குப் போகும்போது அந்தச் சுருட்டைக்காரன் என் பக்கமாக ஓடி வந்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"அங்கிள், நீங்க தமிழா? சூப்பர் அங்கிள்! நான் சென்னை. ரொம்ப தேங்க்ஸ்!"

அறையலாம் போல இருந்தது. யாரை அறைவது? என்னைத்தான் அறைய வேண்டும்.

மர நிழலில் ஐவரும் குந்தியிருந்தார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. புதிய சொற்கள் பழக்க நேரமும் இல்லை. சென்னைக்காரன்... சென்னைக்காரன் என்று மனம் அதையே சுற்றிக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்த சென்னை நண்பர் ஒருவரிடம், "கதிரையில இருங்கோ, இவர் குசினியில நிக்கிறார்" என்று மனைவி சொல்ல, அவர் விளங்காமல் நின்றபடியே முழித்தது ஞாபகம் வந்தது. ஐவரையும் கிட்ட வரச் சொன்னேன்.

"எங்கட வீட்டுக்குள்ள வாறியள்," என்று ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொன்னேன். "இடப்பக்கம் என்ன?"

"குசினி!"

"வலப்பக்கம்?"

"வாங்கு!"

"நடுவில?"

ஐந்து பேரும் தொங்கனைப் பார்த்துச் சிரித்தார்கள். "கதிரை!"

"கதிரை என்றால் நகராதே. முறிஞ்சாலும் நகராதே."

இரண்டாம் பாதியில் தொங்கன் "குசினி!" என்று கத்தியபோது அந்தச் சென்னைப் பெடியனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கதிரை!" என்றபோது அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், இது தமிழே இல்ல அங்கிள்!" என்று கூவினான். "தமிழ்தான் தம்பி, ஆறுதலா வீட்ட போய்க் கேள்!" என்றேன். அந்தப் பாதி முழுக்க எங்கள் எறிபவனின் சட்டையில் புதிதாக ஒரு புல்லும் ஒட்டவில்லை.

ஆனால் முதல் பாதியில் விட்டதைப் பிடிக்க முடியவில்லை. அவர்கள் பந்தை உதைத்து எடுத்த மூன்று புள்ளியால் தோற்றோம். ஹெட் கோச் என் தோளில் கை வைத்தான். இரண்டாம் பாதி அருமை என்றான். பிறகு, அமெரிக்கருக்கு ஒரு கிழமைக்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். நீ விரும்பினால் தண்ணீரையும் உடுப்புகளையும் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

"அப்ப ஏன்ரா காலமை எனக்கு அந்தக் கதை சொன்னனீ?" என்று தமிழில் கத்திவிட்டேன். அவனுக்கு விளங்கியிருக்காது. விசிலைக் கழற்றிப் புல்லில் எறிந்துவிட்டு வந்தேன். காரில் இருந்து அழுதேன். நாற்பத்துமூன்று வயது ஆம்பிளை, ஒரு விளையாட்டுக்காக. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

ஒரு வருடம் அந்த மைதானப் பக்கமே போகவில்லை. ஐவரும் போன் எடுத்தார்கள், நான் பேசவில்லை. இது பெருமைப்படுகிற விசயம் இல்லை. 2013இல் ஒரு சனிக்கிழமை, வடைப் பையோடு, கால் தன் பாட்டில் அங்கே கொண்டுபோய் விட்டது. மரத்தடியில் மறைவாக நின்றேன். தொங்கன் குனிந்து பந்தில் கை வைத்தான்.

"கதிரை!"

ஐந்து பேரும் அசையவில்லை. பந்து பறந்தது. 

இடைவேளையில் நரைத்த தலையோடு ஒருவர் புல்லைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். அந்த அமெரிக்கர். தொங்கன்தான் என்னைக் கண்டு சொல்லியிருக்கிறான். முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன், போன இடமெல்லாம் என் சொற்களைத்தான் வைத்தேன் என்றார். இங்கே மட்டும் முடியவில்லை. உங்கள் சொற்களை விடமாட்டோம் என்று இவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள், நானும் விட்டுவிட்டேன். ஒரே ஒரு பிரச்சினை. புதிதாக வந்தவர்களுக்கு வாயில் வருகுதில்லை. செவ்வாய்க்கிழமை வந்து சரியாகச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டார்.

"எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"கத்தரி," என்றார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி குசினியில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் எங்கே போய் வருகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன, கதிரை திரும்பக் கிடைச்சிட்டுதோ?"

"இல்லை. வேற ஆள்தான் கோச்."

"பிறகேன் கண் கலங்கியிருக்கு?"

"அங்கதான் கிடக்குதப்பா," என்றேன். "ஒருத்தரும் எடுக்கேல்லை."