சோக்கை மறந்த காலை

அந்த பைக் என் கணவருடையது. மலைப்பாதைப் பந்தயங்களில் அவர் அதைத்தான் ஓட்டினார். ஒரு பந்தயத்தில் விழுந்து முழங்கால் உடைந்த பிறகு, அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் அது சும்மா நின்றது. நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். சாவியைத் தந்தார். விழுந்ததைப் பற்றி மட்டும் அவர் பேசியதே இல்லை.

எனக்கு டவுனில் மருந்துக்கடை வேலை. ஞாயிறு விடியலில்தான் பழக முடியும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஏறிப் போகும் ரோட்டில் அந்நேரம் வாகனம் வராது. பனி தேயிலை மேல் படுத்துக் கிடக்கும். எஞ்சின் சத்தம் எனக்கு முன்னால் மெல்லப் போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

நடுவே ரோடு கொஞ்ச தூரம் சரிந்து இறங்கித் திரும்பும் ஒரு வளைவு மட்டும் என்னைப் பயமுறுத்தியது. அங்கே மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கினால் எஞ்சின் பின்சக்கரத்தை வெடுக்கென்று பிடித்து இழுக்கும். டயர் தத்தும். ஆக்ஸிலரேட்டரைத் திருகி ரேஸ் கொடுத்துக்கொண்டே கியரை இறக்கு என்று அவர் சொல்லிக் கொடுத்தார். ப்ரேக்கையும் ரேஸையும் சேர்த்துப் பிடிக்க என் கைக்கு வரவில்லை.

குளிர் கடுமையான ஒரு காலையில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தவள், திரும்பத் தள்ள மறந்துவிட்டேன். அந்த வளைவில் கியரை இறக்கினேன். இழுப்பு இல்லை, தத்தல் இல்லை. பாதித் தூக்கத்தில் யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போவது போல பைக் வளைந்து போனது. மேலே போய் நிறுத்தியபோதுதான் சோக்கைக் கவனித்தேன். ரோட்டோர மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். சோக்கினால் ஐட்லிங், ரேஸ் கொடுக்காமலே எஞ்சின் ஓடும் வேகம், கூடியிருந்ததால், ரேஸை விட்ட பிறகும் எஞ்சின் முழுதாக அடங்கவில்லை. அதனால்தான் சக்கரத்தை அது அவ்வளவாகப் பிடித்து இழுக்கவில்லை.

அவர் ஐட்லிங்கைக் குறைவாகத்தான் வைத்திருந்தார். விட்டு விட்டுத் துடிக்கும் அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். கூட்டலாமா என்று கேட்டேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தந்தார். எனக்குப் பேராசை. அதிகமாகவே திருகிவிட்டேன். ரேஸை விட்ட பிறகும் பைக் தள்ளிக்கொண்டே போய், வளைவைத் தாண்டித் தேயிலைக்குள் என்னைப் போட்டது.

ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"அடி பட்டுச்சா?"

"இல்லங்க. நான் விட்டாலும் அது விட மாட்டேங்குது."

செடிகளுக்கு நடுவே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தேயிலை இலைகளிலிருந்து பனி எங்கள் மேல் சொட்டியது.

"நான் விழுந்த அன்னைக்கும் கியரை எறக்கினப்பதான் பின்வீல் பூட்டிக்கிச்சு" என்றார். "அந்தச் சத்தத்துக்காக ஐட்லிங்ல கையே வைக்காம இருந்தேன். இப்ப ஓட்டுறது நீதானே. ஒனக்கு ஏத்த மாதிரி வச்சுக்க."

அதன் பிறகு அவர் துளித் துளியாகக் குறைப்பார், நான் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். பைக் என்னை இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை என்ற ஓர் இடத்தில் நின்றோம்.

பிறகு அதே ரோட்டில் நடந்த மலைப்பாதைப் பந்தயத்தில் நானும் ஓட்டினேன்; நடுவில் ஓர் இடம்தான் கிடைத்தது. ஆனால் வளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்றாக அவிழ்ந்து வந்தன. எப்போது கியரை மாற்றினேன் என்றே நினைவில்லை. மரங்கள் மிதந்து போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மேலே பந்தயம் முடியும் இடத்தில் காத்திருந்தவர், இறங்கும்போது தான் ஓட்டுவதாகச் சொன்னார். முழங்கால் உடைந்த பிறகு அவர் அதில் ஏறியதே இல்லை. நான் பின்னால் உட்கார்ந்தேன். முதல் வளைவுக்கு முன் அவர் தோள்கள் இறுகின. கியரை இறக்கினார். பைக் அமைதியாகத் திரும்பியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நான் அவர் முதுகில் கன்னத்தை வைத்துக் கண்களை மூடிக்கொண்டேன்.