பத்துக் கேள்விகளுக்கும் நான் தொட்ட பதில்

முதலில் கண்ணில் பட்டது காலுறைத் தடம். ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த நேரம். என் கணவர் சுப்பையா வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்தும் அது மறையவில்லை. “காலுறை இறுக்கம்ட்டி, வேற ஒண்ணுமில்ல” என்றார். நானும் கடைக்குப் போய் வேறு காலுறை வாங்கி வந்தேன். அந்த அளவுக்குத்தான் என் புத்தி போயிற்று.

பத்தே நாளில் கால்சட்டைப் பொத்தான் சேரவில்லை. கையும் முகமும் வற்றிக்கொண்டு வர, வயிறு மட்டும் ஏறியது. கண்ணின் வெள்ளை மஞ்சளான அன்றுதான் இழுத்துக்கொண்டு தென்காசியில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்ன முதல் வார்த்தை அசைட்டிஸ் (கல்லீரல் கெட்டு, வயிற்றறைக்குள் நீர் கசிந்து தேங்குவது). இரண்டாவது வார்த்தை சிரோசிஸ் (கல்லீரல் வடுப்பட்டு இறுகிப்போவது).

இதை எழுதுவது என் போன்ற வீட்டுக்காரிகளுக்காக. குடிக்கிற மனிதரோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, தினமும் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, நாம் செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவருடைய நோயில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மிச்சத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை.

என் கடை மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டின்மேல் இருக்கிறது. ஆன்லைனில் மனுப் போட்டுக் கொடுக்கிற கடை. வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், கல்லூரி விண்ணப்பம் என்று பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர்களின் கட்டங்களை நிரப்பியே என் பிழைப்பு ஓடுகிறது. எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் மனு திரும்பும், எதைப் போட்டால் நிற்கும் என்று என் விரலுக்கே தெரியும். இசக்கியம்மாள் போட்ட மனு தள்ளுபடி ஆகாது என்று நாலு ஊரில் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கர்வம் இல்லாமல் இல்லை.

சுப்பையா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து, குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியில் காவல் வேலை பார்த்தார். மாசாமாசம் ராணுவ கேன்டீனில் இருந்து பாட்டில் வரும். எங்கள் பக்கத்தில் அதைக் குடி என்றே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. “மிலிட்டரிச் சரக்கு, உடம்ப ஒண்ணும் செய்யாது” என்பார்கள். சாரல் அடிக்கிற மாதங்களில் கேட்கவே வேண்டாம், குளிருக்கு மருந்து என்று ஊரே பேசும். முதலில் ராத்திரி மட்டும் குடித்தார். பிறகு மத்தியானமும் சேர்ந்தது. பிறகு காலையில் ஷூ நாடா கட்டக் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நின்றது.

காலுறைத் தடம் தெரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும், கடையில் ஆள் இல்லை. அவர் போனை நீட்டிக்கொண்டு வந்து எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏட்டி, எங்க பட்டாளத்துக்காரன் ஒருத்தன் இத அனுப்பிருக்கான். பத்துக் கேள்வியாம். குடி நமக்குப் பழக்கமா, சீக்கான்னு நாமளே தெரிஞ்சிக்கிடலாமாம். நெரப்பித் தாயேன்.”

“உங்க கைல போனு இருக்கு, நீங்களே தொடுங்களேன். இதுக்கும் நாந்தான் வரணுமா?”

“கண்ணாடி எடுத்துட்டு வரல. நீ நெரப்பு.”

வாங்கி, கணினியில் பெரிதாகத் திறந்தேன். பெயர் கேட்கவில்லை. செல்போன் எண் கேட்கவில்லை. ஓடிபி வரவில்லை. உங்கள் பதில்கள் எங்கும் சேமிக்கப்படாது என்று மேலேயே எழுதியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை நம்பியிருப்பார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தடவை ஏற்றினால் எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் நான் இந்தத் தொழிலில் படித்த பாடம். அப்போது முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு அவருக்காக மனுப் போட்டிருந்தேன். குடிகாரர் என்று எங்கேயாவது பதிவாகி, நாளைக்கு வேலை கைநழுவிப் போய்விட்டால்?

எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. தினமும் குடிக்கிற மனிதர் எதிரே உட்கார்ந்திருக்க, மாதத்துக்கு இரண்டு முதல் நான்கு முறை என்று தொட்டேன். காலையில் எழுந்ததும் குடிக்கத் தேவைப்பட்டதா? ஒருபோதும் இல்லை. குடியால் காயம் பட்டதா? இலஞ்சி வளைவில் வண்டியோடு விழுந்து முழங்கையில் தையல் போட்டிருந்தது. இல்லை என்று தொட்டேன். உங்கள் குடியைப் பற்றி வீட்டில் யாராவது கவலைப்பட்டார்களா என்று கடைசிக் கேள்வி. கவலைப்பட்டு அழுது மண்டையில் அடித்துக்கொண்ட பாவி நானேதான். அதற்கும் இல்லை என்று தொட்டேன்.

ஒரு கேள்வியைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை நிறத்தில் முடிவு வந்தது: குறைந்த அபாயம். மனு ஏற்கப்பட்டது என்று வந்தால் எனக்கு ஒரு நிம்மதி வருமே, அதே நிம்மதி வந்தது.

அதோடு விட்டேனா? கலரில் அச்செடுத்து, கடையில் சும்மா கிடந்த இயந்திரத்தில் லேமினேஷனும் போட்டுக் கொடுத்தேன். என் கடைக்கு வந்த காகிதம் எதுவும் லேமினேஷன் இல்லாமல் வெளியே போனதில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நான் வாயைத் திறந்தால் அந்த அட்டை வெளியே வரும். “கம்ப்யூட்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு. நீ என்னத்தக் கண்ட?” என்பார். நான் என்ன சொல்ல முடியும், அந்தக் கம்ப்யூட்டரே நான்தான் என்றா? கத்துவதற்கு எனக்கிருந்த ஒரே உரிமையையும் நானே தொலைத்தேன். அந்த அரசு வேலையும் வரவில்லை.

மருத்துவமனையில் சேர்த்த அன்று பழைய ரிப்போர்ட் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். பையில் இருந்ததையெல்லாம் அப்படியே நீட்டினேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டியவர் அந்த அட்டையில் நின்றுவிட்டார்.

“இது யாரும்மா நிரப்பினது?”

“நாந்தான் டாக்டர்.”

“அவர் சொல்லச் சொல்லவா?”

“இல்ல. நானாத்தான்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அதே பத்துக் கேள்விகளை வாயாலேயே கேட்டார். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் பேனா காகிதத்தில் ஒரு எண் போட்டுக்கொண்டே வந்தது. கூட்டிப் பார்த்துவிட்டு, “இது நோயைக் கண்டுபிடிக்கிற பரிசோதனை இல்லம்மா. டாக்டர்கிட்ட போகணுமா வேண்டாமான்னு சொல்ற வழிகாட்டிதான். அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா, உடனே போங்கன்னு அது சொல்லியிருக்கும்” என்றார்.

“அப்பவே வந்திருந்தா சரியாகியிருக்குமா டாக்டர்?”

“உறுதியா சொல்ல முடியாது. அப்போ கொழுப்பு படிஞ்ச நிலையில இருந்திருக்கலாம். குடியை விட்டா அது பெரும்பாலும் பழையபடி சரியாயிடும். இப்போ இறுகினது இறுகினதுதான். இனிமே கெடாம பாத்துக்கலாம்.”

வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை, என்மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

குடி உள்ளே போகாத மூன்றாம் நாள் அவருக்கு டெலிரியம் வந்தது (நெடுநாள் குடியைச் சட்டென்று நிறுத்தும்போது வரும் நடுக்கமும் மனக்குழப்பமும்). பட்டப்பகலில், வார்டு தரையில் வெள்ளம் வருவதாகச் சொன்னார். “தண்ணி ஏறுது, பிள்ளையளக் கரைக்கு இழு!” என்று கட்டிலில் எழுந்து நின்றார். நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னை நீங்க என்று சொன்னது அன்று ஒருநாள்தான்.

வீட்டிலேயே திடீரென்று நிறுத்தச் செய்து வைராக்கியம் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேண்டாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கண்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், பாட்டிலை ஒளித்துவைத்துச் சண்டை போட்ட நாட்களில் எவ்வளவு பெரிய ஆபத்தோடு விளையாடினேன் என்று புரிந்திருக்கும்.

நான்கு நாளில் தெளிந்தார். வயிற்றில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள், இளமஞ்சளாக இறங்கியது. பிறகு மனநல மருத்துவர் வந்தார், மாத்திரைகளும் பேச்சும் தொடங்கின. உப்பு கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உப்பில்லாத தேங்காய்ப்பால் சொதியை நாக்கில் வைத்துவிட்டு, “இதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்ட்டி” என்றார். “அதுக்கும் ஒரு மனுப் போட்டுத் தாறேன், வாயப் பொத்திக்கிட்டுச் சாப்பிடுங்க” என்றேன். பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த நாட்களில் எனக்கும் தூக்கம் போயிருந்தது. சோறு இறங்கவில்லை. நான் ஏன் இருக்கிறேன் என்றுகூடத் தோன்றியது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கிற கேள்விகளை என் போனில் திறந்தேன். கை தன்பாட்டில் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தொட்டுக்கொண்டே போனது. பாதியில் நிறுத்தி, முதலில் இருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளதைத் தொட்டேன். மருத்துவரைப் பாருங்கள் என்று வந்தது. அவருடைய மனநல மருத்துவரிடமே நானும் ஒரு சீட்டு எடுத்தேன். இப்போதும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது என் கடையில் யாராவது அந்த மாதிரிக் கேள்விகளைக் கொண்டுவந்து நிரப்பித் தரச் சொன்னால், மவுஸைத் தொடமாட்டேன். பக்கத்தைத் திறந்து திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு வெளியே போய் நிற்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கேள்வியை வாசித்துக் காட்டுவேன், அவர் சொன்னதை அப்படியே தொடுவேன். நல்ல பதில் எது என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல பதில் என்று ஒன்று இதில் கிடையாது, போய் உள்ளதைப் போடுங்கள் என்று சிடுசிடுப்பேன்.

அவர் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. காலையில் எழுந்ததும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பஸ்ஸை நிறுத்துகிறவர்போல் விரித்துக் காட்டுவார். கை படபடவென்று அடித்துக்கொண்டால், கல்லீரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம். ஒருநாள் தவறாமல் நான் எதிரே நின்று பார்க்கிறேன். ராணுவத்தில் மூட்டை தூக்கி மலை ஏறிய கை, இப்போது நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கீழே இறங்குகிறது.

போன மாதம் சாரல் தொடங்கியதும், அருவியைப் பார்க்க வேண்டும் என்றார். குளிக்க முடியாது, பார்க்க மட்டும். மத்தியானம் மூன்று மணிக்குப் போய், மெயின் அருவிக்கு எதிரே சாரல் தெறிக்காத இடமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பதினோரு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை அங்கே வைத்துத்தான் சொன்னேன். அன்றைக்கு எல்லாவற்றையும் நான் பொய்யாக நிரப்பினேன், வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

அவர் அருவியைப் பார்த்தபடியே சொன்னார்: “எனக்குத் தெரியும். நான் எதுத்தாப்லதான இருந்தேன்.”

“பொறவு ஏன் தடுக்கல?”

“நான் தொட்டா பொய்யாத்தான் தொடுவேன்னு எனக்கே தெரியும் இசக்கி. நீ உண்மையப் போடுவேன்னுதான் உன்கிட்ட கொண்டாந்தேன். தெனமும் ஏசுதவதான நீ, என்னைச் சும்மா விட மாட்டேன்னு நெனச்சேன்.” முழங்கையில் இருந்த தையல் தழும்பைத் தடவிக்கொண்டார். “பொறவு பச்சையா வந்ததும், எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு.”

கேட்டதும் நான் உடைந்துபோனேன். கூட்டத்துக்கு நடுவே முந்தானையை வாயில் வைத்து அழுதேன். என் மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் உதவி கேட்டு வந்தார், அதையும் கேட்கத் தெரியாமல் கேட்டார். நான் சரி பார்த்து முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் கனமே இல்லை.

பஸ் நிறுத்தத்துக்கு அங்கிருந்து ஐந்து நிமிஷ நடைதான். எங்களுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. மூச்சு வாங்கி அவர் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன். ஒரு பஸ் எங்கள் கண்முன்னாலேயே கிளம்பிப் போனது. “அடுத்தது வரும், மெதுவா வாங்க” என்றேன்.