பாங்கோடு போட்ட கோப்பி

சித்தி லைலாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தி என்பது உறவுமுறை இல்லை, அவர் பெயரே அப்படித்தான். அவர் என் பக்கத்து வீட்டு ஹுஸ்னியாவின் கணவருக்கு மூத்த சகோதரி. வெள்ளிக்கிழமைகளில் அஸர் என்கிற பின்னேரத் தொழுகை நேரத்துக்குத் தன் கணவரோடு எங்கள் கல்முனைக்குடிக்கு வருவார். தம்பி வீட்டில் ஒரு கோப்பி குடித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு குறையையும் சொல்லி வைத்துவிட்டுப் போவார்.

தம்பி வீடு என்பது அவர் வாயில் வருகிற பேச்சு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார், வீடு பெண்ணுடையது. ஹுஸ்னியாவின் வாப்பாவால் மகளுக்கு வெறும் வளவு நிலத்தைத்தான் கொடுக்க முடிந்தது. அதில் எழும்பிய சுவரும் கூரையும் அவள் குவைத்தில் ஒரு வீட்டில் பன்னிரண்டு வருடம் வேலை செய்து போட்டவை. கணவர் மீராமுகைதீன் மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவர், நல்ல மனிதர். மூத்தவரான இந்த ராத்தாவின் முன்னால் மட்டும் தனக்கு வாய் இருப்பதையே மறந்துவிடுவார்.

போன வருடம் ஹுஸ்னியா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது ஒரு கோப்பி மெசினை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மேலே தண்ணீர் ஊற்றினால் அது சூடாகி, வலைக் கூடையில் இருக்கும் தூளின்மேல் சொட்டுச் சொட்டாக விழும். கீழே ஒரு சூட்டுத் தட்டு, அதன்மேல் கோப்பி இறங்குவதற்கு ஒரு கண்ணாடி ஜக்கு.

“அந்த ஊட்டுல ஒவ்வொரு நாளும் இதிலதான் கோப்பி ஊத்தின நான். ஒரு நாளும் கூடாதெண்டு ஒரு சொல் கேக்கல்ல” என்று தெருவெல்லாம் சொன்னாள்.

சொன்னது வினையாகிவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை கோப்பி கசந்தது. இரண்டாவது வெள்ளியும் அதே கசப்பு. மூன்றாவது வெள்ளி சித்தி லைலா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“கோப்பி ஊத்தின எண்டுதானே மதினி சொன்ன நீங்க? எனக்கெண்டா அங்க நீங்க கக்கூஸ் கழுவினாப்போலதான் படுது.”

அவர் கணவர் சிரித்தார். மீராமுகைதீனும் சிரித்தார். ஹுஸ்னியா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் அங்கேதான் இருந்தேன், அவளுக்காக ஒரு சொல் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை ஹுஸ்னியா வந்து என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவ சிரிச்சா சிரிக்கட்டும். இவரும் சிரிச்சிட்டார் கா. என்ட பன்னெண்டு வருசத்தையும் பொய்யாக்கிட்டாங்க.”

“அந்த மெசின ஆருக்காவது குடுத்திட்டுக் கேத்தில்ல ஊத்தன் புள்ள” என்றேன்.

“நான் ஏன் குடுக்கணும்? கோப்பி நல்லா வரணும். அதுக்குப் பொறவு நான் குடுப்பன், உடைப்பன், அது என்ட இஷ்டம்.”

அன்றே தொடங்கினாள். எங்கள் ஊரில் கோப்பிக் கொட்டையைக் கரியாக வறுத்து, சுக்கும் போட்டு, மில்லில் மாவாக இடித்து எடுப்பதுதான் வழக்கம். கேத்திலுக்கு அது சரி. மெசினில் அந்த மாவு வலையை அடைத்துக்கொண்டு, மீதி வண்டலாகக் கோப்பைக்குள் இறங்கியது. கொட்டையை இளவறுப்பாக வறுத்து எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள். “ரவை மாதிரி இடிச்சித் தாங்க” என்றபோது மில்காரர், “கோப்பியில உப்புமாவா கிண்டப் போறீங்க?” என்று கேட்டாராம். கிண்டினாலும் தானே தின்பதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்தது தண்ணீர். கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணறு, நீரில் உவர். மீராமுகைதீன் தன் கடையிலிருந்து திருப்புளியைக் கொண்டுவந்து மெசினின் அடியைக் கழற்றினார். சிரித்த பாவத்துக்கு அவர் செய்த பரிகாரம் அது என்று நினைக்கிறேன். குழாய் முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. தேசிக்காய் என்று நாங்கள் சொல்கிற எலுமிச்சையின் புளி கலந்த தண்ணீரை ஒருமுறை ஓடவிட்டாள், வெறும் தண்ணீரை இரண்டுமுறை ஓடவிட்டாள். கிணற்றை விட்டுவிட்டுப் பைப் தண்ணீருக்கு மாறினாள். அதிலும் மருந்து மணம் இருந்ததால், பானையில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகே எடுத்தாள்.

நாலாவது வெள்ளி, கோப்பி இறங்கியதும் எனக்கும் ஊற்றித் தந்து தானும் குடித்தாள். அப்படியொரு கோப்பியை நான் குடித்ததில்லை. அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்! ஆனால் ஆண்கள் இருவரும் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து அதே ஜக்கிலிருந்து குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். சித்தி லைலா இந்தமுறை சீனிப் போத்தலை இழுத்து மூன்று கரண்டி போட்டார். அன்றைய பேச்சைவிட அது மோசம்.

“அவங்க வேணுமெண்டு செய்றாங்களா, என்ட நாக்குத்தான் கெட்டுப்போச்சா?” என்று ஹுஸ்னியா என்னைக் கேட்டாள். 

விடை புதன்கிழமை கிடைத்தது. பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு கேட்டதும் வழக்கம்போல் சுவிச்சைப் போட்டுவிட்டுத் தொழப் போனாள். அன்று அவளைப் பெற்ற உம்மாவின் ஆண்டு நினைவு நாள். தொழுதபின் குர்ஆனில் யாசீன் ஓதி, துஆக் கேட்டு, முக்கால் மணித்தியாலம் கழித்து வந்து தனக்கு ஊற்றினாள். ஒரு மிடறோடு துப்பிவிட்டாள். வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் நான் யாருக்கோ உயிர் போய்விட்டது, மௌத்து என்று பயந்து ஓடினேன்.

“தூளுமில்ல, தண்ணியுமில்ல கா! பாங்கோட சுவிச்சப் போடுறதுதான் பிழை!”

எங்கள் ஊர் வீடுகளில் ஆண்கள் பள்ளியால் வந்து உட்காரும்போது கோப்பை கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுப் பெண் சோம்பேறி. அதற்காகவே பாங்கோடு சுவிச். கோப்பி பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். அதன்பிறகு ஜமாஅத் தொழுகை முடிந்து, ஆண்கள் பள்ளி வாசலில் நின்று ஊர்க்கதை பேசி வரும்வரை அது சூட்டுத் தட்டில் கிடந்து கருகும். குவைத்தில் வீட்டுக்கார மேடம் கேட்டபிறகுதான் ஹுஸ்னியா சுவிச்சைப் போடுவாள். இறங்கிய கையோடு குடித்துவிடுவார்கள்.

“இறங்கின உடனே பிளாஸ்க்கில ஊத்தி வை” என்றேன். வழி என்னவோ அதுதான்.

“வெக்க மாட்டன்” என்றாள். “பன்னெண்டு வருசம் அடுத்த ஆக்களுக்காகக் காத்துக்கிட்டு நிண்ட நான். இது என்ட ஊடு. ஒரு பத்து நிமிசம் அவங்க காக்கட்டும்.”

அந்த வெள்ளி பாங்கு சொன்னது. ஹுஸ்னியா மெசினைத் தொடவில்லை. ஆண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வெறும் மேசையைப் பார்த்தார்கள். அதன்பிறகுதான் அவள் எழும்பிப் போய்த் தண்ணீரை ஊற்றினாள்.

“என்ன மதினி, ஆம்புளையள் வந்து இரிக்காங்க, இனித்தானா அடுப்பு?” என்றார் சித்தி லைலா.

“ஓம், இனித்தான். இரிங்க.”

மீராமுகைதீன் ராத்தாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கடைசியில், “இரிங்க ராத்தா, வரும்” என்றார். அவர் வாயைத் திறந்ததை அன்றுதான் கண்டேன். பத்து நிமிடமும் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கோப்பிக்காக ஆண்கள் காத்திருந்ததை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

கோப்பி வந்தது. சித்தி லைலாவின் கணவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். சித்தி லைலா சீனிப் போத்தலைத் தொடவில்லை. குடித்து முடித்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நல்லாத்தான் இரிக்கி மதினி. அண்டைக்கு நான் சொன்னத்த மனசில வெச்சிக்காதீங்க. நீங்க அங்க கோப்பிதான் ஊத்தியிரிக்கிறீங்க.”

அத்தோடு விட்டிருக்கலாம். நானாக இருந்தால் சிரித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஹுஸ்னியா விடவில்லை.

“கக்கூஸும் கழுவின நான், மதினி. பன்னெண்டு வருசமும் கழுவின. நீங்க சாஞ்சிரிக்கிற செவரு அதில வந்ததுதான்.” ஜக்கை மேசையில் வைத்தாள். “குடிச்சி முடிஞ்சா கோப்பையக் கழுவி வெச்சிட்டுப் போங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சித்தி லைலா சாய்ந்திருந்த சுவரைவிட்டு நிமிர்ந்தார். பிறகு எழும்பி, குசினிக்குப் போய், குழாயைத் திறந்து கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.